அரை மில்லிமீட்டர் விலகினால் கதவு உரசும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அலமாரிக் கதவுக்குக் கீல் மாட்டுவது எப்படி என்று உங்கள் நாளிதழின் வீட்டுப் பராமரிப்புப் பகுதியில் வந்த கட்டுரையைப் படித்தேன். எத்தனை கீல் வேண்டும், எந்த உயரத்தில் வைக்கவேண்டும், கீல் தகடு பதிய மரத்தில் வெட்டும் பள்ளமான காடி எவ்வளவு ஆழம் வெட்டவேண்டும் என்று பொறுமையாக எழுதியிருந்தார்கள், நல்ல கட்டுரைதான். ஆனால் எல்லாம் முடிந்து திருகு போடும் இடத்துக்கு வந்ததும், கீலை வைத்துப் பென்சிலால் குறித்துத் துளை போட்டு முடுக்கவும் என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டார்கள். கதவு நேராக நிற்பதா உரசுவதா என்பது அந்த ஒரு வரியில்தான் முடிவாகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கீல் தகட்டில் இருப்பதை ஓட்டை என்றும், மரத்தில் நாம் போடுவதைத் துளை என்றும் சொல்லிக்கொள்கிறேன், குழப்பம் வராது. அந்த ஓட்டையை ஒருமுறை கையில் எடுத்து நன்றாகப் பாருங்கள். அதன் மேல்வாய் புனல் மாதிரி சரிந்திருக்கும். திருகின் தலையும் அதே சரிவோடுதான் இருக்கும். தலை போய்ப் புனலுக்குள் உட்காரவேண்டும், உட்கார்ந்தபின் தகட்டோடு தகடாகச் சமமாக இருக்கவேண்டும், விரலால் தடவினால் தட்டக்கூடாது. இது நடக்க ஒரே ஒரு நிபந்தனைதான், மரத்தில் உள்ள துளை கீலின் ஓட்டைக்குச் சரியாக நடுவில் இருக்கவேண்டும். கொஞ்சம் தள்ளியிருந்தாலும் தலையின் ஒரு பக்கம் மட்டும் சரிவில் போய் மோதும். அப்போது இரண்டில் ஒன்று நடக்கும். கீல் தளர்வாக இருந்தால் திருகு அதை இழுத்துக்கொண்டு போய்விடும். ஏற்கெனவே வேறு திருகுகள் பிடித்திருந்து கீல் நகர முடியவில்லை என்றால் தலை மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். மெட்ரிக் திருகுகளின் தலைச்சரிவு 90 டிகிரி, அதாவது ஒரு பக்கத்துக்கு 45. கணக்குப் போட்டால் தெரியும், துளை அரை மில்லிமீட்டர் விலகினால் தலையும் அதே அரை மில்லிமீட்டர் மேலே நிற்கும்.

அரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஒரு சின்னக் கதவை எடுத்துக்கொள்வோம். இரண்டு கீல்களுக்கும் நடுவே 300 மில்லிமீட்டர், கதவின் அகலம் 450. மேல் கீல் மட்டும் ஒரு மில்லிமீட்டர் வெளியே இழுபட்டுவிட்டால் கதவின் மறுமுனை ஒன்றரை மில்லிமீட்டர் கீழே இறங்கிவிடும். சுற்றிலும் விட்டிருக்கும் இடைவெளியே இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். அதில் பாதியோ அதற்கு மேலோ போய்விட்டது. தலை தூக்கி நின்றாலும் தொல்லைதான். கதவை மூடும்போது கீலின் இரண்டு தகடுகளும் முகத்தோடு முகம் சேரவேண்டும், நடுவில் இரண்டு திருகுத் தலைகள் முட்டிக்கொண்டால் கதவு மூடாமல் திரும்பித் திரும்பி வரும். நாம் கையால் அழுத்தி மூடுவோம், ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் கீல் நெம்புகோலாகித் திருகை மரத்திலிருந்து பிடுங்கும். ஒரு வருஷம் கழித்துக் கீல் ஆடுகிறது என்று புதுக் கீல் வாங்குவோம். பழைய கீலின் மேல் எந்தத் தப்பும் இருந்திருக்காது.

என் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். புதிதாகச் செய்து மாட்டிய அலமாரியின் ஒரு கதவு முதல் வாரமே கீழே உரசியது. மாட்டியவர் வந்து பார்த்தார், மரம் ஈரத்தில் ஊதியிருக்கிறது என்று சொல்லி இழைப்புளியால் அடிப்பக்கத்தைச் சீவிவிட்டுப் போனார். கொஞ்ச நாளில் மறுபடி உரசியது. மறுபடி சீவல். கடைசியில் நானே கதவைக் கழற்றிப் பார்த்தேன். மேல் கீலுக்காக மரத்தில் போட்டிருந்த மூன்று துளைகளும் ஒரே பக்கமாக விலகி, ஒரே பக்கமாகச் சாய்ந்தும் இருந்தன. ஒன்று விலகினால் கை தவறியது என்று விட்டுவிடலாம், மூன்றும் ஒரே மாதிரி விலகியிருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கவேண்டும். துளை போடும் மெஷினைப் பிடித்துப் பார்த்தபோது புரிந்தது. பக்கத்துப் பலகையில் மெஷினின் உடம்பு இடித்தது, அதனால் மெஷினில் மாட்டும் துளைக்கம்பியான பிட்டை நேராக வைக்கவே முடியாது, சாய்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். நீளமான பிட் ஒன்றைப் போட்டிருந்தாலோ, மெஷினுக்கும் பிட்டுக்கும் நடுவே ஒரு நீட்டிப்புக் கம்பியைச் செருகியிருந்தாலோ தீர்ந்திருக்கும் விஷயம். நல்ல மரத்தை இரண்டு தடவை சீவியதுதான் மிச்சம், சீவிய மரம் திரும்ப வரப்போவதில்லை. இன்றைக்கும் அந்தக் கதவின் அடியில் இடைவெளி ஒரு பக்கம் அதிகமாகத்தான் தெரிகிறது, பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படுகிறது.

சரி, கண்ணளவில் நடுவில்தான் வைத்தேன், அப்புறம் ஏன் விலகியது என்று பலர் கேட்பார்கள். கை நடுக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள், பெரும்பாலும் கைமேல் குற்றமில்லை. சாதாரண பிட்டின் முனையைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள், அது ஊசி மாதிரி கூராக இருக்காது. குறுக்கே சின்னதாக ஒரு விளிம்பு இருக்கும். சுற்றும்போது அந்த விளிம்பு மரத்தை வெட்டுவதில்லை, தேய்த்துத் தள்ளும். பக்கவாட்டு வெட்டும் முனைகள் மரத்துக்குள் இறங்கும்வரை பிட்டைப் பிடித்துவைக்க எதுவும் இல்லை, அந்த ஒரு நொடியில் அது எங்கே வழி கிடைக்கிறதோ அங்கே ஓடும். பைன் போன்ற மரங்களில் இது இன்னும் மோசம். வளர்ச்சி வளையத்தில் ஒரு வரி கெட்டியாகவும் அடுத்த வரி மென்மையாகவும் இருக்கும், கெட்டியான வரியின் மேல் வைத்த பிட் வழுக்கிக்கொண்டு பக்கத்து மென்மையான வரியில்தான் இறங்கும். மேலே வழவழப்பான தாள் ஒட்டிய பலகையில் பிடிமானமே கிடையாது. ஆகவே பென்சில் புள்ளி எவ்வளவு சரியாக இருந்தாலும் போதாது, பிட்டின் முனை போய் உட்கார ஒரு குழி வேண்டும்.

அந்தக் குழியைத்தான் கைப்பிடி போட்ட கூர்க்கம்பியான குத்தூசி போடுகிறது. எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த கருவி அதுதான். கீலை இடத்தில் வைத்து, ஓட்டையின் நடுவில் குத்தூசியை நிறுத்தி, அழுத்தி இரண்டு பக்கமும் கொஞ்சம் திருப்பினால் போதும். முனை உளி மாதிரி தட்டையாக இருக்கும் குத்தூசி என்றால் அந்தத் தட்டை மரத்தின் நாருக்குக் குறுக்கே இருக்கும்படி வைத்துத் தொடங்கவேண்டும், அப்போது நார் அறுபடும். நாரோடு சேர்த்து வைத்தால் மரம் பிளக்கும், ஓரத்துக்குப் பக்கத்தில் என்றால் வெடிப்பு ஓரம்வரை ஓடிவிடும். நாற்பட்டையாகக் கூம்பி வரும் குத்தூசியும் உண்டு, அது நாரைச் சுரண்டிக்கொண்டே இறங்குவதால் பிளக்கும் பயம் குறைவு.

ஆனால் ஓட்டையின் நடு எது என்று குத்தூசிக்கும் தெரியாது, அதையும் நம் கண்தான் சொல்லவேண்டும். ஓட்டையின் விட்டம் நான்கைந்து மில்லிமீட்டர் என்றால் அதன் நடுவைக் கண்ணால் பிடிப்பது சிரமம், அதிலும் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் தகட்டின் கனம் ஏமாற்றும். இதற்குச் செலவே இல்லாத ஒரு வழி இருக்கிறது. கீலின் ஓட்டைக்குள் ஆடாமல், இறுக்கமும் இல்லாமல் நுழையும் அளவில் ஒரு பிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மெஷினில் மாட்டவேண்டாம். கையாலேயே ஓட்டைக்குள் நேராக நிறுத்தி, அழுத்தி நாலைந்து சுற்று சுற்றுங்கள். அந்தப் பிட்டுக்கு ஓட்டையின் சுவரே வழிகாட்டி, அதனால் அதன் முனை மரத்தில் தொடும் இடம்தான் நடு. சின்னதாக ஒரு பள்ளம் விழுந்திருக்கும். அப்புறம் கீலை எடுத்துவிட்டு அந்தப் பள்ளத்தில் குத்தூசியால் ஒரு குத்து, அதில் சிறிய பிட்டால் துளை. ஓட்டைக்குள் சரியாக நுழையும் கூரான சென்டர் பஞ்ச், அதாவது நடுவைக் குறிக்கும் ஆணி, இருந்தால் அதை வைத்து ஒரு தட்டுத் தட்டினாலும் இதே வேலை ஆகும்.

நிறையக் கீல் மாட்டுகிறவர்கள் தானாக நடுவைப் பிடிக்கும் பிட் ஒன்றை வாங்கிவைத்துக்கொள்வது நல்லது. உள்ளே சாதாரண பிட், அதைச் சுற்றி ஒரு உறை, உறைக்குள் ஸ்பிரிங். உறையின் மூக்கு கூம்பாக இருக்கும். அந்தக் கூம்பு கீல் ஓட்டையின் புனல் சரிவில் போய் உட்கார்ந்ததும் உள்ளே இருக்கும் பிட் தானாகவே நடுவில் நின்றுவிடும், அழுத்தினால் ஸ்பிரிங் அமுங்கி பிட் மட்டும் இறங்கும். எளிமையான யோசனை, எத்தனை ஆயிரம் கதவுகளைக் காப்பாற்றியிருக்கும் என்று நினைத்தாலே சந்தோஷமாக இருக்கிறது. இதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. மெஷினைச் சாய்த்துப் பிடித்தால் மூக்கும் சாய்ந்தே உட்காரும், துளை சாய்ந்துபோகும், பிட் நல்லதாக இருந்தும் பயனில்லை. உறை ஓட்டையின் அளவுக்குப் பொருந்தவேண்டும், ரொம்பச் சிறியதாக இருந்தால் சரிவில் தங்காமல் ஓட்டைக்குள்ளேயே ஆடும். மரத்தூள் உறைக்குள் அடைத்துக்கொண்டால் ஸ்பிரிங் வேலை செய்யாது, அதனால் ஒவ்வொரு துளைக்குப் பிறகும் சுற்றிக்கொண்டிருக்கும்போதே வெளியே இழுத்து, தூளைத் தட்டிவிட வேண்டும். புனல் சரிவு இல்லாத தட்டையான ஓட்டைக்கு இந்தப் பிட் உதவாது.

பிட்டை நேராகப் பிடிப்பதற்குப் பக்கத்தில் ஒரு மூலைமட்டத்தை நிறுத்திவைத்துப் பார்த்துக்கொண்டே போடலாம். இன்னொன்று, பளபளப்பான கீல் தகடே ஒரு கண்ணாடிதான். பிட்டும் தகட்டில் தெரியும் அதன் பிம்பமும் ஒரே கோடாகத் தெரிந்தால் நேராக இருக்கிறது என்று அர்த்தம், நடுவில் முழங்கை மாதிரி மடங்கித் தெரிந்தால் சாய்ந்திருக்கிறது. முன்னாலிருந்து ஒரு தடவை, பக்கத்திலிருந்து ஒரு தடவை பார்த்துக்கொண்டால் போதும்.

துளையின் பருமனைப் பற்றியும் உங்கள் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. 4 மில்லிமீட்டர் திருகு என்றால் மென்மையான மரத்தில் இரண்டரை, கடினமான மரத்தில் 3 மில்லிமீட்டர் துளை சரியாக வரும். மூன்றரை மில்லிமீட்டர் திருகுக்கு அதே கணக்கில் 2, இரண்டரை. எண் ஞாபகம் இல்லாவிட்டால் திருகுக்கு முன்னால் பிட்டைப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள், திருகின் நடுத்தண்டு பிட்டுக்குப் பின்னால் மறைந்து, இரண்டு பக்கமும் மரை மட்டும் எட்டிப்பார்க்க வேண்டும். ஆழத்துக்குப் பிட்டில் ஒரு துண்டு டேப் சுற்றிக்கொள்ளலாம். கதவின் மறுபக்கம் துளை வெளியே வந்துவிட்டால் அதைவிடக் கொடுமை கிடையாது. பிளைவுட்டின் விளிம்பில் திருகு போடும்போது மட்டும் துளையின் ஆழத்தைத் திருகின் நீளத்தைவிடக் கொஞ்சமும் குறைக்காதீர்கள், அடுக்குகளுக்கு நடுவே திருகு ஆப்பு மாதிரி இறங்கிப் பலகையைப் பிரித்துவிடும்.

எல்லாத் துளைகளையும் ஒரே மூச்சில் போட்டுவிட்டு அப்புறம் திருகு முடுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஒரு தகட்டுக்கு ஒரு துளை, ஒரு திருகு. கதவைத் தொங்கவிட்டுத் திறந்து மூடிப் பாருங்கள். சரியாக இருந்தால் அந்த ஒரு திருகே கீலை அசையாமல் பிடித்துக்கொள்ளும், மற்றத் துளைகளைக் கீலின் வழியாகவே போட்டுக்கொள்ளலாம். சரியில்லை என்றால் திருத்துவதற்கு மரத்தில் இன்னும் புது இடம் மிச்சமிருக்கும். சில கீல்களில் ஒரு ஓட்டை மட்டும் நீளவாட்டில் இருக்கும், அது இதற்காகவே கொடுத்தது. முதல் திருகை அதன் நடுவில் போட்டுக் கதவை நகர்த்திச் சரிபார்த்துவிட்டு, பிறகு வட்ட ஓட்டைகளில் திருகு போட்டு நிலைநிறுத்தவேண்டும்.

பித்தளைக் கீலுக்குப் பித்தளைத் திருகு போடுகிறவர்களுக்கு ஒன்று. பித்தளை மென்மையானது, கெட்டி மரத்தில் பாதி வழியில் தலை முறிந்து தண்டு உள்ளேயே தங்கிவிடும். அதே அளவுள்ள இரும்புத் திருகை முதலில் போட்டு மரையை வெட்டவிட்டு, கழற்றி, பிறகு பித்தளையைத் திருப்புளியால் கையிலேயே முடுக்குங்கள். மரையில் கொஞ்சம் மெழுகு தடவலாம். சோப்பு தடவும் பழக்கம் பலரிடம் இருக்கிறது, அது ஈரத்தை இழுத்துத் திருகை அரிக்கும், மெழுகே நல்லது.

இன்னொரு விஷயமும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் தேர்ந்த தச்சர்கள் என்மேல் கோபப்படுவார்கள். காடி வெட்டிப் பதிக்கும் கீலில் அவர்கள் வேண்டுமென்றே துளையைக் காடியின் பின்சுவர்ப் பக்கமாக ஒரு மயிரிழை தள்ளிப் போடுவதுண்டு. திருகு இறுகும்போது கீலை இழுத்துப் பின்சுவரோடு ஒட்டவைக்கும், இடைவெளி தெரியாது. அழகான வேலை. ஆனால் அது நடு எங்கே என்று துல்லியமாகத் தெரிந்தவர் செய்கிற விலகல். நடுவையே பிடிக்கத் தெரியாமல் விலகியதை இதோடு சேர்த்துப் பேசக்கூடாது.

இப்போது அலமாரிகளில் வெளியே தெரியாத கிண்ணக் கீல்கள் அதிகம், கதவில் 35 மில்லிமீட்டர் குழி குடைந்து பதிப்பது. அதில் கதவை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் சில மில்லிமீட்டர் நகர்த்தத் தனித் திருகுகள் இருப்பதால், துளை எப்படிப் போனாலும் பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்ற எண்ணம் வந்துவிட்டது. நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். அந்தக் கீல் பெரும்பாலும் போவது மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில். அதில் நார் கிடையாது, கோணலாக இறங்கிய திருகு பலகையின் உள்ளே தூளை நொறுக்கிவிடும், ஒரு தடவை கழற்றி மாட்டினாலே பிடிப்பு போய்விடும். திருத்த இடம் கொடுக்காத பலகையில்தான் இன்னும் கவனமாகத் துளை போடவேண்டும்.

ஏற்கெனவே விலகிப்போன துளை இருந்தால், அதன் பக்கத்திலேயே ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் புதுத் துளை போட முயலவேண்டாம், பிட் வழுக்கிப் பழைய துளைக்குள்தான் விழும். பழையதை 8 அல்லது 10 மில்லிமீட்டருக்கு ஒழுங்காகப் பெரிதாக்கி, பசை தடவி உருண்டையான மர முளை ஒன்றை இறுக்கமாக அடித்து, ஒரு இரவு காயவிட்டு, உளியால் சமமாகச் சீவிவிட்டு, புது மரத்தில் போடுவதுபோல நடுவைக் குறித்துத் தொடங்கவேண்டும். தீக்குச்சிகளைத் திணித்துத் திருகு முடுக்குவது இறுக்கத்தைக் கொஞ்ச நாளைக்குக் கொடுக்கும், நடுவைக் கொடுக்காது. திருகு குச்சி இல்லாத பக்கமாகவே சாயும்.

உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். அந்தக் கட்டுரையின் அடுத்த பகுதி வருமென்றால், திருகுத் தலை புனல் சரிவில் நேராக உட்கார்ந்திருப்பதையும் விலகி உட்கார்ந்திருப்பதையும் குறுக்குவெட்டாகப் பக்கத்தில் பக்கத்தில் ஒரு படம் போடுங்கள், நான் இவ்வளவு எழுதியது அதில் ஒரு பார்வையில் புரிந்துவிடும். கூடவே பிட்டைக் கையால் சுற்றி நடுவைக் குறிக்கும் முறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், விலையுயர்ந்த கருவி இல்லாத வீடுகளில் அதுதான் கைகொடுக்கும். கீல் தயாரிப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெட்டிக்குள் திருகுகளைப் போட்டு அனுப்புகிறீர்கள், அந்தத் திருகுக்கு எத்தனை மில்லிமீட்டர் துளை என்பதைப் பெட்டியின் மேல் ஒரு வரி அச்சடித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர் ஒருவர்